மூன்று கட்டம் கீழே

மே 4, ஞாயிறு

பதினொன்றாம் வகுப்பு திறக்க இன்னும் நான்கு வாரம். நூலகத்தில் எடுத்த மூன்று புத்தகங்களில் ஒன்று கிட்டாரில் லீட் (மற்ற வாத்தியங்களுக்கு முன்னால் தனித்து ஒலிக்கும் பகுதி) வாசிப்பது பற்றியது. ஆங்கிலம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நான்கு பக்கம் என்று திட்டம்.

ஜூடித் அக்காவிடம் காட்டினேன். அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீச்சலையும் புஸ்தகத்துலதான் படிப்பியா? லீட்டுங்கிறது கைல வரணும்ட்டி."

அவள் சொல்லலாம். கலங்கரை இன்னிசைக் குழுவில் நான்கு வருடம் பின்னால் நின்று தாளத்துக்கு ரிதம் கிட்டார் வாசித்துவிட்டுப் போன வருடம்தான் லீட்டுக்கு வந்தாள். குழுத் தலைவர் ராயப்பன் மாமா மேடையில் அவளை அறிமுகம் செய்யும்போது, "தூத்துக்குடியில தேடினாலும் இன்னொரு பொம்பளப் பிள்ளை லீட்டுக்குக் கெடைக்காது" என்பார். அவளுக்கு இருபத்து மூன்று வயது. எனக்கு அவளுடைய பழைய மரக் கிட்டார் இருக்கிறது. அதில் ஐந்து கம்பிதான்.

என் ஆசை பெரியது இல்லை. ஒரு பாட்டின் இரண்டு வரிகளுக்கு நடுவே, யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு பிட்டை நானே உண்டாக்கி வாசிக்க வேண்டும்.

மே 6, செவ்வாய்

புரிந்துவிட்டது!

புத்தகம் சொல்வது இதுதான். சுரங்களின் பெயரை மறந்துவிடு. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரம் எவ்வளவு தூரம் என்று மட்டும் பார். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே கம்பிகள் பதித்துக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள் அல்லவா, அந்தக் கட்டங்களை எண்ணினால் தூரம் தெரிந்துவிடும். ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு குணம் உண்டு. மூன்று கட்டம் ஏறினால் துக்கம். நான்கு ஏறினால் வெயில். ஏழு ஏறினால் கதவு திறந்த மாதிரி. ஆறு ஏறினால் யாரோ சண்டைக்கு வருகிறார்கள். பக்கத்துப் பக்கத்துச் சுரமாகப் படியேறிப் போகாமல் இந்தத் தூரங்களைத் தாண்டிக் குதித்தால் அது லீட்.

நாள் முழுக்க வீட்டுச் சத்தங்களை மரக் கிட்டாரில் தேடிப் பார்த்தேன். மீன்காரர் வாளை மீனைக் கூவும் "வாளேய்" ஐந்து கட்டம் மேலே. அம்மா அடுப்படியிலிருந்து "ஜூ... டீ..." என்று கூப்பிடுவது மூன்று கட்டம் கீழே. என்னைக் கூப்பிடும் "பெ... னீ..."யும் அதேதான்! எத்தனை தடவை கூப்பிட்டாலும் மாறவில்லை. அம்மாவுக்குச் சங்கீதம் தெரியாது.

அக்காவுக்குத் திமிர் கூடிவிட்டது. அம்மா நான்கு தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்து போகிறாள்.

மே 9, வெள்ளி

மாடியில் மிளகாய் காயப்போட்டேன். காக்காய் விரட்டினேன். நான்கு பக்கம் படித்தேன்.

மே 14, புதன்

புதிய நோட்டு ஒன்று தொடங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் மீன்காரரும் அம்மா கூப்பிடுவதும். அக்கா சின்ன ஸ்பீக்கரில் மாட்டிப் பழகும்போது, அவள் வாசிக்கும் பிட்டுகளைத் தூரமாக எழுதுகிறேன். இன்று எழுதியது: ஒன்பது மேலே, இரண்டு கீழே, மூன்று கீழே. எவ்வளவு அழகு! இதையே எந்தக் கட்டத்தில் தொடங்கினாலும் அதே அழகு வருகிறது. புத்தகமும் அதைத்தான் சொல்கிறது: இடம் மாறலாம், தூரம் மாறாது.

போன வருடத் திருவிழா வீடியோவை அம்மாவின் போனில் பார்த்து அதையும் எழுத முயன்றேன். எழுத முடியவில்லை. அப்போது அக்கா கம்பியை விரலால் மேலே தள்ளி, இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் சுரத்தையெல்லாம் அழ வைத்திருக்கிறாள். அந்த இடத்தில்தான் கூட்டம் விசிலடிக்கிறது. இப்போது அவள் கம்பியைத் தள்ளுவதே இல்லை. ஒவ்வொரு சுரமும் கட்டத்துக்குள் சரியாக, கணக்குப் பாடம் மாதிரி நிற்கிறது.

கேட்டேன். "ஸ்டைல மாத்திட்டேன்" என்றாள்.

எனக்கு வசதிதான். எழுத எளிது.

மே 20, செவ்வாய்

அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். பருப்புக்கு மூன்று விசில் வைத்து இறக்கு என்று அக்காவிடம் சொல்லியிருந்தாள். நான் நூலகத்திலிருந்து வரும்போது தெருமுனையிலேயே விசில் கேட்டது. படியேறுவதற்குள் இன்னும் இரண்டு. அக்கா அடுப்புக்கு முன்னால் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்!

"அக்கா, கேக்கலியா?"

அவள் திரும்பி என் வாயைப் பார்த்தாள். பிறகு குக்கரைப் பார்த்தாள். அணைத்தாள்.

"யோசனையில இருந்துட்டேன்."

கலைஞர்களுக்கு இப்படி ஆகும் என்று படித்திருக்கிறேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. நான்தான் தேய்த்தேன்.

மே 23, வெள்ளி

என் நோட்டைக் காணவில்லை.

மே 24, சனி

நோட்டு கிடைத்தது. அக்காவின் தலையணைக்கு அடியில்! "கணக்குப்பிள்ள நோட்டு" என்று கிண்டல் செய்தவள், பென்சிலால் நிறைய இடங்களில் திருத்தியிருக்கிறாள். நான் விட்டுப்போன தூரங்களை நிரப்பியிருக்கிறாள். கடைசி ஆறு பக்கங்கள் முழுக்க அவள் கையெழுத்து. திருவிழாவில் வாசிக்க வேண்டிய பாட்டுகள் எல்லாம் எண்களாக இருக்கின்றன.

ஒரு மேடைக் கலைஞர் என் முறையைப் பயன்படுத்துகிறார்! நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. இயற்பியல் ஆசிரியை நல்லவர். அக்கா பள்ளி வாசல் வரை நடந்து வந்தாள். நான் இடப்பக்கம் வந்தால் தள்ளி வலப்பக்கம் விடுகிறாள். "வண்டி வருதுட்டி." வண்டி எந்தப் பக்கமும் வரவில்லை.

ஜூன் 11, புதன்

நாளை சாயங்காலம் எங்கள் தெரு அந்தோனியார் கோயில் திருவிழாவில் கலங்கரையின் கச்சேரி. அக்கா பத்து நாளாகச் சிரிக்கவில்லை. சாப்பிடும்போதும் இடது கை மேசையில் கட்டம் எண்ணுகிறது. அப்பா கப்பலிலிருந்து போனில் கூப்பிட்டபோதும், "மெசேஜ் போடுங்கப்பா" என்று வைத்துவிட்டாள்.

அவளைச் சிரிக்க வைக்க ஒரு யோசனை செய்தேன். அது ஒரு சோதனையும்கூட. தூரம் மாறாவிட்டால் அழகு மாறாது என்றால், கிட்டாரின் ஆறு கம்பிகளையும் ஒரே அளவு இறக்கினாலும் பிட் அதேபோல இருக்க வேண்டும். ஆனால் தனியாக வாசித்தால் மட்டும்தான். மற்றவர்களோடு சேரும்போது அபசுரமாகிவிடும். அக்காவின் கிட்டார் தலையில் மாட்டும் டியூனரை எடுத்தேன் (துணிக் கிளிப் போல இருக்கும், சுருதி சேர்ந்தால் பச்சை விளக்கு எரியும்). அவள் குளிக்கப் போன நேரத்தில் ஆறு கம்பிகளையும் ஒரு கட்டம் அளவு இறக்கிவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே குளியலறைக்குள்ளிருந்து, "பெனி, மூணாவது கம்பி லேசா எறங்கியிருக்கு பாரு" என்று கத்தினவள் அவள். முதல் சுரத்திலேயே பிடித்து என் முதுகில் ஒன்று வைப்பாள், இரண்டு பேரும் சிரிப்போம் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அவள் ஒரு மணி நேரம் வாசித்தாள்.

நோட்டைப் பார்த்து, பாட்டு பாட்டாக. போனில் மூலப் பாட்டை ஓடவிட்டு அதோடு சேர்ந்தும் வாசித்தாள். எனக்குப் பல் கூசியது. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

கண்டுபிடித்துவிட்டுத்தான் நடிக்கிறாள். எனக்குப் பாடம் புகட்டுகிறாள். நானாகப் போய் ஒப்புக்கொள்ளட்டும் என்று காத்திருக்கிறாள். நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

ஜூன் 12, வியாழன்

எழுத்து கோணினால் கோணட்டும். நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பள்ளியிலிருந்து வந்தபோது அக்கா குழுவின் வேனில் போய்விட்டிருந்தாள். என் மேசையில் கிட்டார் புத்தகத்துக்குள் டியூனர் இருந்தது. நேற்று பக்க அடையாளத்துக்கு நான்தான் வைத்தேன். கம்பிகள்? அவள் எப்போதோ ஏற்றியிருப்பாள். கீபோர்டைக் கேட்டே சுருதி சேர்க்கிறவளுக்கு இது எதற்கு? இருந்தாலும் கொடுத்துவிடலாம் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

சப்பரம் சுற்றி வரத் தாமதம். அதனால் சவுண்ட் பார்க்க நேரம் இல்லாமல் ஆறரைக்கே கச்சேரியைத் தொடங்கிவிட்டார்கள். நானும் அம்மாவும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். அம்மா முறுக்கு வாங்கிக் கொடுத்தாள்.

முதல் பாட்டு அந்தோனியார் பாட்டு. தொடக்கத்தில் அக்கா மட்டும் தனியாக வாசித்தாள். ஒன்பது மேலே, இரண்டு கீழே, மூன்று கீழே. கூட்டம் கைதட்டியது. பிறகு ராயப்பன் மாமாவின் கீபோர்டு சேர்ந்தது.

பாத்திரக் கடை சரிந்த மாதிரி இருந்தது. பாட வந்த அண்ணன் வாயைத் திறந்து, எந்தச் சுருதியைப் பிடிப்பது என்று தெரியாமல் மூடினார். பின்னாலிருந்து ஒரு ஆள், "ஏ, கிட்டாரு தண்ணி ஏத்திட்டு வந்திருக்குல!" என்றான். சிரிப்பு. விசில். போன வருட விசில் இல்லை.

ராயப்பன் மாமா அக்காவின் இடப்பக்கம் இரண்டடி தூரத்தில் நின்று, "ஜூடி! ஏட்டி ஜூடி!" என்று கத்தினார். அது எனக்கு மூன்றாவது வரிசையில் கேட்டது. அக்கா அவர் பக்கமே திரும்பவில்லை. டிரம்ஸ்காரருடைய காலைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி வாசித்தாள். பிறகு தற்செயலாக மாமாவைப் பார்த்தாள்.

பார்த்து, சிரித்தாள். 'நல்லா போகுதுல்ல மாமா?' என்று கேட்கிற சிரிப்பு.

குக்கர். வலப்பக்கம். அப்பாவின் போன். அம்மாவின் நான்கு தடவை. தள்ளாத கம்பி. தலையணைக்கு அடியில் என் நோட்டு. எல்லாவற்றையும் நானே தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். எழுதியும் படிக்கவில்லை.

எப்போது எழுந்தேன் என்று நினைவில்லை. முறுக்கு கையில் நொறுங்கியிருந்தது. மேடைக்குக் கீழே ஸ்பீக்கர் பக்கத்தில் போய் நின்று, ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினேன். பிறகு இடது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கிட்டார் கழுத்து போலத் தடவி, ஒரு விரல் அளவு தள்ளிக் காட்டினேன். ஒரு கட்டம் மேலே. எல்லாமே ஒரு கட்டம் மேலே.

அக்கா என்னைப் பார்த்தாள். சிரிப்பு போன முகத்தை நான் விவரிக்க விரும்பவில்லை.

அவள் கை ஒரு கட்டம் நகர்ந்தது. அவ்வளவுதான். சரிந்த பாத்திரமெல்லாம் தானாக அடுக்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அவள் ஒரு பிட்டையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை, தூரங்கள் அப்படியே இருந்தன. பாடகர் அண்ணன் தொடங்கினார். பாட்டு முடிந்ததும் டியூனரை நீட்டினேன். அவள் குனிந்து வாங்கி, பச்சை விளக்கைப் பார்த்து ஆறு கம்பிகளையும் ஏற்றினாள். மீதிப் பதினொரு பாட்டும் ஒரு பிசகு இல்லை.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் மாமா பிடித்துக்கொண்டார்.

"டியூனிங்கூட பாக்காம மேடை ஏறுவியா நீ? மானத்த வாங்கிட்டியே!"

அக்கா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "இவ வெளையாட்டா திருகி வச்சிட்டா மாமா."

"நீயாட்டி?"

"ஆமா மாமா."

"வீட்டுல வாசிக்கும்போதே தெரிஞ்சிருக்குமே?" என்று மாமா என்னைப் பார்த்தபடியே அக்காவைக் கேட்டார். அந்தப் பக்கமிருந்து அவளுக்கு அவர் உதடு தெரியவில்லை.

"வேன் வர்றதுக்கு முன்னாலதான் திருகுனேன் மாமா," என்றேன் நான்.

வேன் வந்தபோது நான் வேதியியல் வகுப்பில் இருந்தேன்.

மாமா என் காதைப் பிடித்துத் திருகினார். நன்றாக வலித்தது. நன்றாகக் கேட்கவும் செய்தது.

நான் கம்பியைத் திருகியது உண்மை. அந்த உண்மை எப்படி இவ்வளவு பெரிய பொய்யாக ஆனது?

ஜூன் 13, வெள்ளி

திருவிழா விடுமுறை. மாடியில் துணி காயப்போடும்போது அக்கா தானாகவே வந்து என் எதிரே நின்றாள். என் முகம் தெரிகிற இடத்தில்.

"மார்ச்சுலயே ஆரம்பிச்சிட்டு. எடது காது சுத்தமா போச்சி. வலதுல சத்தம் கேக்கும், என்ன சத்தம்னு கேக்காது."

"டாக்டர்?"

"திருநெல்வேலியில பாத்தேன். ஸ்பீக்கர் பக்கத்துல நிக்கக்கூடாதாம்."

"அப்ப ஏன்க்கா...?"

"நாலு வருசம் பின்னால நின்னேன் பெனி. முன்னால வந்து ஒரு வருசந்தான் ஆகுது." ஒரு கிளிப்பை எடுத்து என் பாவாடையில் மாட்டினாள், சின்ன வயதில் செய்த மாதிரி. "ஒன் நோட்டு இல்லன்னா மே மாசமே மாட்டியிருப்பேன். இனி நீயும் வந்துரு. மேடைக்கு முன்னால நில்லு. சுருதி எறங்குனா ஒரு விரலு, ஏறுனா ரெண்டு. ஆகஸ்டு வரைக்கும் பதினாலு புரோகிராம் இருக்கு. ஒருத்தருக்கும் தெரியாது."

என்னைக் கேட்டாள். என்னை! நான் சரி என்றேன். மத்தியானம் முழுக்க விரல் சைகைகளுக்கு ஓர் அட்டவணை போட்டேன். இருபத்திரண்டு சைகைகள். மிக நன்றாக வந்திருக்கிறது.

ஜூன் 14, சனி

நூலகம். காது பற்றிய ஒரு மருத்துவப் புத்தகம். எட்டுப் பக்கம்.

உள்காதில் மயிர் போன்ற நுண்ணிய செல்கள் இருக்கின்றன. பேரோசையில் அவை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. மிச்சம் இருப்பவற்றை மட்டுமே காப்பாற்றலாம். புத்தகம் இதைச் சாதாரண வாக்கியமாக எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறது. நான் போக முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நூலகர் வந்து பூட்டப்போகிறோம் என்றார்.

பதினான்கு நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரம். ஸ்பீக்கருக்கு இரண்டடியில்.

நான் காட்டும் ஒவ்வொரு விரலும் அவளை அங்கேயே நிறுத்தி வைக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

அட்டவணையைக் கிழித்து அவள் முன்னால் வைத்தேன். "நான் வெரல் காட்ட மாட்டேன்க்கா."

"பயந்தாங்கொள்ளி."

"அந்தப் புஸ்தகத்துல..."

"ஒன் புஸ்தகத்தத் தூக்கி அடுப்புல போடு!" என்று கத்தினாள். இவ்வளவு சத்தமாகக் கத்துகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மா உள்ளேயிருந்து, "என்னங்கட்டி அங்க சண்ட?" என்றாள். அக்காவுக்கு அது கேட்கவில்லை.

அம்மாவிடம் சொல்லவும் மாட்டேன். சொல்ல வேண்டியது அவள். இதில் நான் சரியா தவறா என்று எந்தப் புத்தகத்திலும் பார்க்க முடியவில்லை.

ஜூன் 16, திங்கள்

அக்கா பேசவில்லை. வேதியியலில் பதினெட்டு மதிப்பெண்.

ஜூன் 17, செவ்வாய்

சாயங்காலம் அக்கா கூடத்தில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஸ்பீக்கரில் மாட்டவில்லை. நான் எதிரே வீட்டுப்பாடம் எழுதினேன். அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

"ஜூ... டீ..."

நான் தலையைத் தூக்கினேன். அக்கா என் தலை தூக்கியதைப் பார்த்தாள்.

"ஜூ... டீ... ஏட்டி, தேங்கா திருவித் தா!"

"அம்மா கூப்பிடுதாளா?" என்று கேட்டாள் அக்கா. இரண்டு நாளில் முதல் பேச்சு. தலையாட்டினேன்.

"ஒன் நோட்டுல மொதப் பக்கத்துல எழுதியிருந்தியே. அம்மா கூப்பிடுறது எத்தன கட்டம்?"

"மூணு. கீழ."

அவள் மெல்லிய கம்பியில் விரலை வைத்தாள். மூன்றாவது கட்டம். எடுத்தாள். வெறும் கம்பி. ஜூ... டீ... மறுபடி வாசித்தாள். குனிந்து வலது காதைக் கிட்டார் மரத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு தடவை. கண்ணை மூடிக்கொண்டு நான்காவது தடவை.

அம்மா தேங்காய் மூடியோடு வாசலில் வந்து நின்றாள். "கூப்பிட்டா வரமாட்டா, கூப்பிடுறத கிட்டார்ல வச்சி நக்கலடிக்கத் தெரியும், என்ன?"

அக்கா கண்ணைத் திறந்து அவள் உதட்டைப் பார்த்தாள்.

"எத்தன தடவம்மா கூப்பிட்ட?"

"நாலு. தொண்டத் தண்ணி வத்திட்டு."

"எனக்கு ஒண்ணுகூடக் கேக்கலம்மா."

"ஆமா, என்னைக்கித்தான் ஒனக்குக்..." என்று தொடங்கிய அம்மா நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எதைப் பார்த்தாளோ தெரியாது. தேங்காய் மூடியை என் வீட்டுப்பாட நோட்டின் மேல் வைத்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அக்காவின் வலப்பக்கம் தரையில் உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லு," என்றாள்.